முந்திக்கொண்ட மூச்சு

பையை அழுத்துவதற்கு முன்பே அந்த ஆளின் மார்பு எழும்பியது.

டாக்டரம்மா அதைக் கவனிக்கத்தான் செய்தாள். தொண்டைக்குள் குழாயை இறக்கி, அதன் முனையில் காற்றுப்பையை மாட்டி, எதிரே மண்டியிட்டிருக்கும் நர்ஸ் அழுத்தினால்தான் மார்பு ஏற வேண்டும். நர்ஸோ இன்னும் பையைத் தேடிக்கொண்டிருந்தார். சொந்த மூச்சு கொஞ்சம் மிச்சமிருக்கிறது போல என்று நினைத்துக்கொண்டாள். ஆனால் சற்று நேரத்தில் அந்த ஆளுக்கும் நாடி நின்று, வெள்ளைத் துணி போர்த்தும்படி ஆகிவிட்டது.

குளிர்பதனக் கிடங்கில் அமோனியாக் குழாய் வெடித்திருந்தது. சரக்கு இறக்கும் கொட்டகையில் ஆட்களை வரிசையாகக் கிடத்தியிருந்தார்கள். உச்சந்தலை முதல் பாதம்வரை மூடிய ரப்பர் உடுப்புக்குள் வேர்வை முதுகில் வழிந்து பூட்ஸுக்குள் தேங்க, முகமூடியின் ரப்பர் நாற்றம் குமட்ட, காதுக்குள் தன் மூச்சைத் தவிர வேறொன்றும் கேட்காமல், ஆவி படிந்த கண்ணாடி வழியே எல்லாம் பால்கலங்கலாகத் தெரிய வேலை செய்வதென்றால் எப்பேர்ப்பட்ட கெட்டிக்காரிக்கும் கை தடுமாறும். ஸ்டெதாஸ்கோப் வைக்க வழியில்லை. குழாய் சரியாகப் போனதா என்பதற்கு, ஏறி இறங்கும் மார்புதான் சாட்சி.

நர்ஸைத் தாடி என்றுதான் கூப்பிடுவார்கள். முகமூடி ஒட்டி உட்காராது என்று தாடியைப் போன வருடமே மழித்தாயிற்று. பெயரை மழிக்கத்தான் யாராலும் முடியவில்லை.

உடுப்பை மாட்டும்போதே அம்மாவின் போன் வந்திருந்தது.

"தம்பிக்கு இன்னைக்கு அங்கதானே வேலை? போனை எடுக்க மாட்டேங்கிறான்டி."

"வெளிய வந்திருப்பான்மா. நான் பாத்துக்கிறேன்."

சொல்லிவிட்டு முகமூடியை இழுத்து மாட்டிக்கொண்டாள்.

அடுத்துக் கிடந்தவன் இளவயதுக்காரன். முகமெல்லாம் வீங்கி, வாயோரம் நுரை தள்ளியிருந்தது. அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டான். உதடுகள் திறந்தன, மூடின, மறுபடி திறந்தன. காற்றுக்குத் தவிக்கிறான், பாவம். "பயப்படாதப்பா" என்றாள், கேட்காது என்று தெரிந்தும். மயக்க ஊசி போட்டாள். பிடி தளர்ந்தது. வீங்கிச் சிவந்த தொண்டைக்குள், தடித்த கையுறை விரல்களால் எப்படியோ குழாயைச் செலுத்தினாள்.

மார்பு ஏறியது. அப்பாடா! கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டு அடுத்தவரிடம் நகர்ந்தாள்.

தாடி அவள் தோளைப் பிடித்து இழுத்தார். கண்ணாடியோடு கண்ணாடி இடிக்கக் கத்தினார்.

"டாக்டரம்மா, அழுத்தினா வயிறுதான் ஊதுது! மார்பு அசையவே இல்ல!"

"ஏறிச்சே! நான் பாத்தேனே!"

"எப்போ? நான் இப்பதான் பையையே மாட்டினேன்!"

குழாய் உணவுக்குழாய்க்குள் போயிருந்தது. உருவினாள். மறுபடி செலுத்தினாள். இந்தத் தடவை சரியாகவே போனது. மார்பை மாறி மாறி அழுத்தினார்கள், கை ஓயும்வரை. மானிட்டரில் நேர்கோடு.

நெற்றியை முகமூடிக்குள் அழுத்தித் தேய்த்து, கண்ணாடியின் ஆவியைத் துடைத்தாள். முதல் தடவையாக அவன் முகம் துலக்கமாகத் தெரிந்தது.

தம்பி.

அந்த உதடுகள் காற்றுக்குத் தவிக்கவில்லை. அக்கா, அக்கா என்று கூப்பிட்டிருக்கின்றன. அவளோ பயப்படாதப்பா என்று ஊரான் பிள்ளையிடம் சொல்வதுபோல் சொல்லி, ஊசி போட்டுத் தூங்க வைத்திருக்கிறாள்.

"என் தம்பி" என்றாள்.

தாடி பையைக் கழற்றிக் கீழே வைத்தார். "ஸ்ட்ரெச்சரோட ஆளைக் கூட்டிட்டு வர்றேன். உங்களத் தனியா விடக் கூடாதுதான். ஆனாலும்..." என்றவர், முடிக்காமலே வெயிலுக்குள் ஓடினார்.

அவள் விம்மி மூச்சை இழுத்தாள்.

தம்பியின் மார்பு எழும்பியது.

"டேய்!" என்று அலறினாள். அலறலோடு மூச்சு வெளியேறியது. மார்பு தாழ்ந்தது. மறுபடி இழுத்தாள். எழும்பியது. மானிட்டரைப் பார்த்தாள். அதே நேர்கோடு.

மூச்சை அடக்கினாள். நின்றது.

விட்டாள். தாழ்ந்தது.

போதும், அவனை விட்டுவிடு என்று அறிவு சொன்னது. மனசு கேட்கவில்லை. இன்னும் ஒரே ஒரு தடவை. அவன் மூச்சு விடுவதைப் பார்த்தால் போதும். ஆழமாக இழுத்தாள்.

ஓரக்கண்ணில் ஏதோ வெள்ளையாக அசைந்தது.

கொட்டகையின் கோடிவரை, துணி போர்த்திய வரிசை. அத்தனை துணிகளும் ஒன்றாக எழும்பின.

அவள் விட்டாள். ஒன்றாகத் தாழ்ந்தன.

மூச்சை இழுத்து, வாயை இறுக மூடினாள். மூச்சை அடக்கினாள். காது அடைத்தது. கண் இருட்டியது. வரிசை முழுக்க ஒவ்வொரு துணியும், அடியில் திறந்திருந்த வாய்க்குள் குழிந்து, அப்படியே நின்றது.

மெல்ல, ஒவ்வொன்றாக, தலைகள் அவள் பக்கம் திரும்பின.