எங்கள் வழி

சுண்டுவுக்குச் சுண்டு என்று பெயர் வைத்தது யார் என்று அவள் அம்மாவுக்கே நினைவில்லை. ஆள் குட்டை, வாய் நீளம். அவள் தோழி நெட்டை அதற்கு நேர் எதிர். வகுப்பிலேயே உயரமானவள், பேச்சில் ரொம்பச் சிக்கனம். இருவரும் சேர்ந்து பள்ளிக்கு நடந்தால், "டேய், பத்து வருதுடா!" என்று பையன்கள் கிண்டல் செய்வார்கள். அதில் யார் ஒன்று, யார் பூஜ்யம் என்று சுண்டு ஒருநாளும் விசாரித்ததில்லை.

சுண்டுவின் வீடு புதிதாகக் கட்டிய மூன்று மாடிக் குடியிருப்பில் இருந்தது. முன்னால் பெரிய கேட்டு, அதைத் தாண்டினால் பெரிய சாலை. பின்னால் ஒரு சின்ன இரும்புக் கேட்டு, அதைத் தாண்டினால் பின்தெரு. குடியிருப்பு வருவதற்கு முன்னால் அந்த இடம் வெறும் காலி மனையாகக் கிடந்தது. பின்தெருக்காரர்கள் அதன் குறுக்கே நடந்துதான் பெரிய சாலைக்குப் போவார்கள். கட்டடம் வந்த பிறகும் அந்தச் சின்னக் கேட்டு வழியாக, சுவர் ஓரமாக நடந்து போய்க்கொண்டிருந்தார்கள்.

நெட்டையும் அப்படித்தான் வருவாள். தினமும் காலையில் சுண்டுவின் ஜன்னலுக்குக் கீழே வந்து நிற்பாள். கூப்பிட மாட்டாள், நிற்பாள், அவ்வளவுதான். சுண்டு ஒரு கையில் ஷூ, இன்னொரு கையில் சீப்போடு தடதடவென்று இறங்கி வருவாள்.

அந்தக் கேட்டு குடியிருப்பில் பலருக்குத் தலைவலியாக இருந்தது. "சந்தைக் கடை மாதிரி ஊரே நடக்குது, மூடிடுங்க" என்பார் கீழ்வீட்டு அத்தை. "நடந்தா தேஞ்சா போயிடும்?" என்பார் மூன்றாம் மாடியில் இருக்கும் டிரைவர் அண்ணன். குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் மாமா நடுவில் மாட்டிக்கொண்டு முழிப்பார்.

செயலாளர் மாமாவுக்கு விதி எழுதுவதென்றால் கொள்ளை ஆசை. லிஃப்ட் கதவு முழுக்க அவர் விதிகள்தான். 'ஈரக்குடையை லிஃப்டில் உதறக் கூடாது.' 'மொட்டை மாடியில் அடுத்தவர் துணியை நகர்த்தக் கூடாது.' 'கூட்டத்தில் சிறுவர்கள் பேசக் கூடாது.' 'விதிகளின் மேல் மீசை வரையக் கூடாது.' கடைசி விதிக்குக் காரணம் சுண்டுதான். அது வேறு கதை.

ஒரு திங்கட்கிழமை, பள்ளி விட்டு வந்து பார்த்தால் சுண்டுவின் நீல சைக்கிளைக் காணோம்.

வண்டிகள் நிறுத்தும் இடம் முழுக்கத் தேடினாள். மொட்டை மாடியில்கூடத் தேடினாள். சைக்கிள் மாடி ஏறாது என்பது அப்போது அவளுக்குத் தோன்றவில்லை. கடைசியில் முற்றத்தில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். அக்கம்பக்கத்தார் எல்லாரும் கூடிவிட்டார்கள்.

"பூட்டி வச்சிருந்தியாம்மா?" என்று கேட்டார் செயலாளர் மாமா.

"இல்ல மாமா."

"யார் மேலயாவது சந்தேகம் இருக்கா?"

எல்லாரும் சுண்டுவின் வாயையே பார்த்தார்கள். பெரியவர்கள் இத்தனை பேர் அவள் பேச்சுக்காகக் காத்து நின்றது அதுதான் முதல் தடவை. ஏதாவது சொல்லியாக வேண்டும் போல இருந்தது.

"பின்தெரு பசங்கதான் எப்பப் பார்த்தாலும் இந்தப் பக்கம் போயிட்டு வந்துட்டு இருக்காங்க" என்றாள்.

யோசித்துச் சொன்னதல்ல. வாயில் வந்துவிட்டது.

"பார்த்தீங்களா? நான் தலபாடா அடிச்சுக்கிட்டேனே, யாராவது கேட்டீங்களா?" என்றார் கீழ்வீட்டு அத்தை.

மறுநாளே கேட்டுக்குப் பூட்டு வந்துவிட்டது. மாலையில் செயலாளர் மாமா ஒரு பலகையும் பெயின்டும் எடுத்துக்கொண்டு சுண்டுவிடம் வந்தார்.

"உன் கையெழுத்து அச்சடிச்ச மாதிரி இருக்கும். இதுல எழுதிக் குடும்மா. 'இது பொது வழி அல்ல. வெளியாட்களுக்கு அனுமதி இல்லை.'"

சுண்டு நாக்கைக் கடித்துக்கொண்டு எழுத உட்கார்ந்தாள். 'பொது வழி அல்ல' என்பது சப்பென்று இருப்பதாக அவளுக்குப் பட்டது. கொஞ்சம் கெத்தாக இருக்கட்டுமே என்று 'இது எங்கள் வழி' என்று மாற்றி எழுதினாள். 'ழ'வுக்கு வழக்கம்போல அணில் வால் மாதிரி ஒரு சுழியும் போட்டாள்.

"அடடே! இது நல்லா அழுத்தமா இருக்கே!" என்று மாமா முதுகில் தட்டிக் கொடுத்தார். பலகை பின்தெருவைப் பார்த்துத் தொங்கியது.

அடுத்த நாள் காலை சுண்டு சீப்பும் ஷூவுமாக ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். கீழே யாரும் இல்லை. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கேட்டைப் பூட்டினால் நெட்டை எப்படி வருவாள்?

நெட்டை அன்று பள்ளிக்குத் தாமதமாக வந்தாள். சந்தையைச் சுற்றி, நாற்சந்தியைக் கடந்து, வியர்வை வழிய வந்து வகுப்பு வாசலில் நின்றாள். டீச்சர் அவளைக் கொஞ்ச நேரம் வெளியிலேயே நிற்க வைத்தார். சுண்டுவால் அந்தப் பக்கம் பார்க்கவே முடியவில்லை.

இடைவேளையில் நெட்டை மரத்தடியில் தனியாக உட்கார்ந்திருந்தாள். சுண்டு பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"அந்தப் பலகை நீ எழுதினதுதானே?" என்று கேட்டாள் நெட்டை.

"எப்படிக் கண்டுபிடிச்ச?"

"'ழ'வுக்கு வால் இருந்துச்சு."

சுண்டு கீழே கிடந்த சருகை எடுத்துக் கிழித்தாள்.

"நாம எப்பவும் 'நம்ம வழி'ன்னுதானே சொல்லுவோம்? நீ 'எங்கள் வழி'ன்னு எழுதியிருக்க. தமிழ் டீச்சர் நடத்தினாங்கல்ல? 'நம்ம'ன்னா அதுல நானும் இருக்கேன். 'எங்கள்'னா நான் இல்ல."

அவ்வளவு நீளமாக நெட்டை பேசி சுண்டு கேட்டதே இல்லை.

"சைக்கிள் காணாமப் போச்சுல்ல... அதனாலதான்..."

"எங்க அண்ணன் எடுக்கல."

"ஐயோ, உங்க அண்ணன்னு நான் சொல்லவே இல்லையே!"

"'பின்தெரு பசங்க'ன்னு சொன்னியாமே. அப்ப அது யாரு?"

நெட்டை சொல்லித்தான் சுண்டுவுக்கு முழு விஷயமும் தெரிந்தது. திங்கட்கிழமை மாலையே செயலாளர் மாமாவும் இன்னும் இரண்டு பேரும் பின்தெருவுக்குப் போயிருக்கிறார்கள். நெட்டையின் அண்ணன் வாசலில் தன் பழைய சைக்கிளுக்குச் செயின் மாட்டிக்கொண்டிருந்திருக்கிறான். கையில் சைக்கிளோடு நின்றதுதான் அவன் செய்த குற்றம். "இது யாரு சைக்கிள்? அந்த நீல சைக்கிள் எங்க?" என்று தெருவே வேடிக்கை பார்க்க அவனைக் கேட்டிருக்கிறார்கள்.

மணி அடித்தது. நெட்டை எழுந்து போய்விட்டாள்.

அன்று மாலை ரப்பர் வாங்கப் பள்ளிக்குப் பக்கத்துக் கடைக்குப் போனாள் சுண்டு. கடைக்காரர் அவளைப் பார்த்ததும் இடுப்பில் கை வைத்தார்.

"ஏம்மா சுண்டு, என் கடை என்ன உனக்கு சைக்கிள் ஸ்டாண்டா? சந்துல நிறுத்திட்டுப் போயிட்ட. போறவங்க வர்றவங்க தடுக்கி விழறாங்கன்னு உள்ள தள்ளி வச்சிருக்கேன்."

கடையின் உள்ளே, காகிதக் கட்டுகளுக்குப் பின்னால், நீல சைக்கிள் சமர்த்தாக நின்றது.

சுண்டுவுக்கு எல்லாம் நினைவுக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமை சார்ட் பேப்பர் வாங்க சைக்கிளில் வந்தாள். கடையில் நெட்டையும் இருந்தாள். சுருட்டிய பேப்பரை ஆளுக்கொரு முனையில் பிடித்துக்கொண்டு, கதை பேசிக்கொண்டே இருவரும் நடந்து வந்துவிட்டார்கள். பேச்சு சுவாரஸ்யத்தில் சைக்கிள் என்று ஒன்று இருப்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது.

சைக்கிள் கிடைத்தும் அதில் ஏற அவளுக்கு மனம் வரவில்லை. வீடு வரைக்கும் தள்ளிக்கொண்டே வந்தாள்.

"அப்பாடா, கிடைச்சுதா! போய் முகம் கழுவு" என்றாள் அம்மா.

"அப்ப கேட்டைத் தொறந்துடுவாங்களாம்மா?"

"அதெல்லாம் பெரியவங்க பார்த்துப்பாங்க."

பெரியவர்கள் பார்த்துக்கொள்ளவில்லை. "கிடைச்சிடுச்சா? ரொம்ப சந்தோஷம். இனிமே பூட்டி வை" என்று சொல்லிவிட்டு செயலாளர் மாமா மாடி ஏறிப் போனார். பூட்டு அப்படியே தொங்கியது. நெட்டை தினமும் வியர்த்து விறுவிறுக்கப் பள்ளிக்கு வந்தாள். வந்து, வழக்கம்போலச் சுண்டுவின் பக்கத்தில் உட்காராமல் முன்பெஞ்சில் உட்கார்ந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மாலை வண்டி நிறுத்தும் இடத்தில் சங்கக் கூட்டம் நடந்தது. தண்ணீர் மோட்டார் பற்றிப் பேசி முடித்து எல்லாரும் எழுந்திருக்கும் நேரம் பார்த்து சுண்டு நடுவில் போய் நின்றாள்.

"மாமா, நான் ஒண்ணு சொல்லணும்."

"கூட்டத்துல சின்னப் பசங்க பேசக் கூடாதும்மா. விதி இருக்கே."

"சைக்கிளைக் காணோம்னு சொன்னப்ப மட்டும் எல்லாரும் கேட்டீங்களே மாமா?"

யாரோ இருமினார்கள். செயலாளர் மாமா மறுபடி உட்கார்ந்தார்.

"சைக்கிளை யாரும் எடுக்கல. நான்தான் கடையில மறந்து வச்சிட்டு வந்துட்டேன். தப்பு என்னுது. ஆனா தினமும் சுத்தி நடக்கிறது அவங்க. அந்த அண்ணனைத் தெருவுல வச்சுக் கேள்வி கேட்டதும் என்னாலதான்." என்றாள் சுண்டு.

"இன்னிக்கு சைக்கிள் கிடைச்சிருச்சு. நாளைக்கு வேற ஏதாவது போகும்" என்றார் கீழ்வீட்டு அத்தை.

டிரைவர் அண்ணன் மெல்லக் கேட்டார். "அத்தை, உங்க வீட்டுல குழாய் ஒழுகிட்டு இருந்துச்சே, சரியாச்சா?"

"எங்கப்பா! ஒரு வாரமா வாளி வச்சுப் பிடிச்சிட்டு இருக்கேன். அந்தக் குழாய்க்காரத் தம்பி எட்டியே பார்க்க மாட்டேங்குது."

"அவரு எப்படி வருவாரு? அவரு வீடு பின்தெருவுலதானே? வெளியாளுக்கு அனுமதி இல்லன்னு நாமதான் பலகை மாட்டி வச்சிருக்கோமே!"

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அத்தைக்குக் கோபம் வந்தது, அப்புறம் சிரிப்பும் வந்தது. "சரி சரி, தொறந்து விடுங்க. ராத்திரி மட்டும் பூட்டினா போதும்" என்றார்.

செயலாளர் மாமா சாவியை எடுத்தார். "பலகையை மட்டும் நல்லபடியா மாத்தி எழுதிக் குடுத்துடு சுண்டு."

"பலகையே வேண்டாம் மாமா" என்றாள் சுண்டு.

மறுநாள் காலை சீக்கிரமே எழுந்து, தலை வாரி, ஷூ போட்டு, ஜன்னலில் நின்றாள். நெட்டை வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. கேட்டு விரியத் திறந்து கிடந்தது. பின்தெருவிலிருந்து ஒருவரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. "தொறந்து வச்சும் வர மாட்டேங்குறாங்களே!" என்று செயலாளர் மாமா தலையைச் சொறிந்தார்.

அன்று மாலை சுண்டு தானே பின்தெருவுக்குப் போனாள். நெட்டையின் அண்ணன் வாசலில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தான்.

"அண்ணா, நான்தான் அப்படிச் சொல்லிட்டேன். பெரிய தப்பு பண்ணிட்டேன். மன்னிச்சிடுங்கண்ணா."

அவன் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினான்.

"சைக்கிள் கிடைச்சிடுச்சா?"

"ம்."

"பிரேக் மறுபடி லூசாகும். பார்த்து ஓட்டு."

போன மாதம் அந்தப் பிரேக்கைச் சரிசெய்து கொடுத்ததே அவன்தான். சுண்டுவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நாலு திட்டு திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது. அவன் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

நெட்டையின் அம்மா வெளியே வந்தார். "கேட்டு தொறந்தது தெரியும்மா. உன் மேல கோபம் இல்ல. ஆனா எம்பிள்ளைய நடுத்தெருவுல நிக்க வச்சுக் கேட்டாங்க. அந்த வழியா நடக்க எங்களுக்கு மனசு வரல."

"எப்ப வரும் அத்தை?"

"தெரியலம்மா" என்றார் அவர்.

சுண்டு அன்று இரவெல்லாம் யோசிக்கவில்லை. நன்றாகத் தூங்கினாள். ஆனால் காலையில் அரைமணி நேரம் முன்னதாகவே கிளம்பி, பின்கேட்டைத் தாண்டி, நெட்டையின் வீட்டு வாசலில் போய் நின்றாள். கூப்பிடவில்லை. நின்றாள், அவ்வளவுதான்.

நெட்டை பையோடு வெளியே வந்து திகைத்தாள். "உனக்கு முன்கேட்டுல இருந்து ஸ்கூல் பக்கம்தானே? இங்க எதுக்கு வந்த?"

"சும்மாதான்."

நெட்டை விறுவிறுவென்று நடந்தாள். சுண்டு பின்னாலேயே ஓடினாள். சந்தையில் தள்ளுவண்டிகளுக்கு நடுவே புகுந்து, நாற்சந்தியில் பஸ்களுக்குப் பயந்து நின்று, ஒரு பெரிய சுற்றுச் சுற்றி, கடைசியில் சுண்டுவின் சொந்த வீட்டு முன்கேட்டைக் கடந்தே இருவரும் போனார்கள்.

செயலாளர் மாமா பால்கனியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். "சுண்டு! நீ ஸ்கூலுக்குப் போறியா, இல்ல வர்றியா?"

"போறேன் மாமா. சுத்திப் போறேன்."

மாமா நெட்டையைப் பார்த்தார். பேப்பரை மடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

சுண்டு அன்றோடு நிறுத்தவில்லை. மறுநாளும் போனாள், அதற்கு மறுநாளும் போனாள். குழாய்க்காரத் தம்பி ஒருநாள் அந்தக் கேட்டு வழியாக வந்து அத்தையின் குழாயைச் சரிசெய்துவிட்டுப் போனார். அவருக்குப் பின்னால் இன்னும் சிலர் நடக்க ஆரம்பித்தார்கள். நெட்டையின் அண்ணன் மட்டும் வரவே இல்லை. பெரிய சாலையில் அவன் தன் பழைய சைக்கிளில் சுற்றிக்கொண்டு போவதைப் பார்க்கும்போதெல்லாம் சுண்டு தலையைக் குனிந்துகொள்வாள்.

ஒருநாள் நாற்சந்தியைத் தாண்டியதும் நெட்டை திரும்பிப் பார்த்தாள்.

"மூச்சு வாங்குதா?"

"இல்லையே" என்றாள் சுண்டு, மூச்சு வாங்கிக்கொண்டே.

நெட்டை சிரிக்கவில்லை. ஆனால் அங்கிருந்து பள்ளி வரைக்கும் மெதுவாகவே நடந்தாள்.