ஆறு பாட்டில் கடல்

ட்ரிங்... ட்ரிங்...!

நர்மதா கையுறையைக் கழற்றாமலே செல்போனை எடுத்தாள். ராயபுரம் கடல் ஆய்வுக்கூடம். மணி பகல் பன்னிரண்டு. மேஜை மேல் ஒரு செத்த ஆமை. அதன் வயிற்றிலிருந்து அவள் எடுத்து வைத்திருந்த பிளாஸ்டிக் பை மட்டும் பதினொன்று!

"நர்மதாங்களா? இன்ஸ்பெக்டர் ஷாகுல் ஹமீது பேசறேன். ஜெஸ்வின்னு ஒருத்தர் உங்க கூட வேலை பாக்கறாரா?"

"ஆமா... இன்னா சார் ஆச்சு?"

"எண்ணூர் முகத்துவாரத்துல பாடி கிடைச்சிருக்கு. நீங்க ஸ்டேஷனுக்கு வரணும்மா."

போன் நழுவித் தரையில் விழுந்தது.

ஜெஸ்வின்! ராயபுரத்து மளிகைக்கடை வீட்டுப் பிள்ளை. ஆலைக் கழிவு எங்கே எவ்வளவு கடலில் கலக்கிறது என்று அளக்கும் விஞ்ஞானி. அடுத்த மாதம் ரிஜிஸ்டர் ஆபீசில் அவளுக்கு மாலை போட இருந்தவன்.

"ஐயோ..." என்றாள்.

பக்கத்து அறையிலிருந்து டாக்டர் சாலமோன் ஓடி வந்தார். ஆய்வுக்கூடத்தின் தலைவர். விஷயம் கேட்டதும் மனிதர் முகம் வெளிறிப்போனது.

"தனியாப் போகாதம்மா. நான் கூட்டிட்டுப் போறேன்."

ஸ்டேஷன் வாசலில் கால் வைத்ததும் நர்மதாவுக்கு அடுத்த அடி விழுந்தது.

பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்... அவள் அப்பா தண்டபாணி!

"நைனா! நீ இன்னா இங்க குந்திகினு கீறே?"

தண்டபாணி தலையைத் தூக்கவில்லை. திருவொற்றியூர் குப்பத்தில் அவர் குரலுக்கு அலையே ஒதுங்கும் என்பார்கள். இன்று அந்தக் குரலைக் காணோம்.

ஷாகுல் ஹமீது பதில் சொன்னார்.

"நாங்கதான் கூட்டிட்டு வந்தோம். நேத்து காசிமேடு மீன் மார்க்கெட்ல இவரு அந்தப் பையனைப் பாத்து, 'எம் பொண்ணு பின்னால சுத்துனே, வெட்டி மீனுக்குப் போட்ருவேன்'னு கத்தியிருக்காரு. நூறு பேர் சாட்சி! இன்னைக்குக் காலைல ஆறு மணிக்கு முகத்துவாரத்துல ரெண்டு பேரும் தனியா நின்னதைப் பாத்தவங்க இருக்காங்க. பின்மண்டைல அடி. ஆறுலேர்ந்து எட்டுக்குள்ள உயிர் போயிருக்குன்னு டாக்டர் சொல்றார்."

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. நர்மதாவுக்கு அப்பாவின் ஆத்திரம் தெரியும். அதனால்தான் பயந்தாள். அவரையே வெறித்துப் பார்த்தாள்.

"இன்னா அப்டிப் பாக்கறே? நீயுமா நம்பறே?" என்று தலையைத் தூக்கினார் தண்டபாணி.

அவள் பார்வையைத் திருப்பிக்கொண்டாள். அவர் மறுபடி தலையைக் குனிந்துகொண்டார். பாவம், அந்தத் தலை இனி எங்கே நிமிரும்!

இன்ஸ்பெக்டர் ஒரு ஐஸ் பெட்டியை மேஜையில் வைத்தார்.

"பாடி பக்கத்துல கிடந்தது. உங்க லேப் சாமான்தானான்னு பாத்துச் சொல்லுங்க."

உள்ளே ஆறு பாட்டில் தண்ணீர். ஒவ்வொன்றிலும் லேபிள். ஜெஸ்வின் எழுதும் அதே சாய்ந்த, குட்டிக் குட்டி எழுத்து. அதைக் கண்டதும் அவளால் தாங்க முடியவில்லை. ஒரு பாட்டிலை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு விம்மி விம்மி அழுதாள்.

அழுகை சட்டென்று நின்றது.

"சார்... லேபிள்ல நேரத்தைப் பாருங்க! காலைல ஏழு அம்பது!"

"அதனால?"

"தண்ணி மொண்ட அடுத்த நிமிஷம் நேரம் எழுதணும். இல்லாட்டி அந்த பாட்டில் செல்லாது. அப்போ ஏழு அம்பதுக்கு ஜெஸ்வின் உசுரோட இருந்திருக்கான்! நைனா... அந்த நேரத்துக்கு நீ எங்க இருந்தே?"

"ஏழு மணிக்கெல்லாம் காசிமேடு போய்ட்டேன். ஏலம் வுடற தீனாவைக் கேளு."

இன்ஸ்பெக்டர் போன் போட்டார். இரண்டு நிமிஷம் பேசினார்.

"சரியா இருக்கு. ஒன்பது வரைக்கும் அங்கேயேதான் இருந்திருக்கார்."

"தேங்க் காட்!" என்றார் சாலமோன். "இது ஜெஸ்வின் எழுத்துதான் சார். நான் எங்க வேணா வந்து சொல்றேன்."

நர்மதா அப்பாவின் முன்னால் மண்டியிட்டாள்.

"அப்புறம் காலைல அவன்கிட்ட இன்னா நைனா பேசினே?"

தண்டபாணி அவள் தலையைத் தொட்டார்.

"நேத்து வாய வுட்டுட்டேன்... வூட்ல நீ சோறு துன்னாம அழுதுகினே படுத்துட்டே. எனக்கு மனசு கேக்கல. 'கட்டிக்கோப்பா, எம் பொண்ண கண்கலங்காம வச்சுக்கோ'ன்னு சொல்லத்தான் போனேன். அந்தப் புள்ள என் கையப் புடிச்சிகினு அழுதுட்ச்சி..."

"ஐயோ நைனா! உன்னப் போயி சந்தேகப்பட்டேனே!"

தலையில் அடித்துக்கொள்ளக் கையைத் தூக்கினாள். கையில் இன்னும் அந்த பாட்டில்.

தூக்கிய கை அப்படியே நின்றது!

"சார், இது முகத்துவாரத் தண்ணியே இல்ல! அங்க மொண்டா பாட்டில் அடியில ஆலைச் சாம்பல் நிக்கும். இது பளிங்கு மாதிரி கீது. யாரோ அதைக் கொட்டிட்டு, நல்ல கடல் தண்ணிய ரொப்பி, புது லேபிள் ஒட்டியிருக்காங்க. எழுத்தை அப்படியே காப்பி அடிச்சிருக்காங்க!"

"அப்போ ஏழு அம்பதுன்னு எழுதினது..."

"கொன்னவன்! கடைசி வரியப் பாருங்க. இருபத்தொன்பது புள்ளி நாலு டிகிரி. ஜெஸ்வின் லேபிள்ல தண்ணியோட சூடு எழுதவே மாட்டான். அவன் மீட்டர் தானா போன்ல ஏத்திடும். எங்க லேப்ல தெர்மாமீட்டரை முக்கிப் பாத்து லேபிள்ல எழுதற ஆளு ஒருத்தர்தான்..."

திரும்பினாள்.

சாலமோனின் கை தன்னையறியாமல் சட்டைப் பைக்குப் போயிற்று. அங்கே அந்தத் தெர்மாமீட்டர்.

"தள்ளத்தான்மா தள்ளினேன்... கல்லுல போய் விழுவான்னு நினைக்கல." அவர் குரல் உடைந்தது. "பன்னெண்டு வருஷமா தண்ணி சுத்தம்னு ரிப்போர்ட் குடுத்தேன். ஆலைக்காரங்க லேபை மூட வச்சிடுவாங்கன்னு பயம். இவன் பாட்டிலை பெங்களூர் லேபுக்கு அனுப்பறேன்னான்... எவ்வளவோ கெஞ்சினேன்."

"அந்த ரிப்போர்ட்டை நம்பித்தானே சார், எங்க குப்பத்துப் பொம்பளைங்ககிட்ட 'தைரியமா எறங்கி இறால் பொறுக்குங்க'ன்னு நான் சொன்னேன்! என் வாயால சொன்னேனே!"

தண்டபாணி எழுந்து வந்து மகளைச் சேர்த்தணைத்துக்கொண்டார். இரண்டு பேரும் ஒரு பிள்ளைக்காக அழுதார்கள்.

ஷாகுல் ஹமீது பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சாலமோனின் மணிக்கட்டைப் பிடித்தார்.

"பன்னெண்டு வருஷம் ரிப்போர்ட்ல கை கூசாம பொய் எழுதின மனுஷன்... கொலை பண்ணின அன்னைக்குத்தானா சார் வாட்ச்சையும் தெர்மாமீட்டரையும் பாத்து உண்மையை எழுதணும்?"