அம்மாவுக்கு ஏரி மீன்

மே மாதம். காசிமேட்டில் விசைப்படகுகள் எல்லாம் ஒன்றோடொன்று தோளை இடித்துக்கொண்டு சும்மா நின்றன. மீன்பிடித் தடைக்காலம். கடலில் மீன்கள் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும் நேரம் அது. படகு வெளியே போகக் கூடாது.

மலரின் அப்பா செல்வம் படகில் போகிறவர். அதனால் அவரும் வீட்டில் சும்மா இருந்தார். அதிகம் பேசுவதில்லை. அம்மா இறந்ததிலிருந்து அப்படித்தான்.

ஞாயிற்றுக்கிழமையோடு அம்மா போய் ஒரு வருஷம் ஆகிறது. அன்று மாலை படையல்.

"சாம்பாரு, வட, பாயாசம். போதும்ல?" என்றார் அப்பா.

"மீனு?" என்றாள் மலர்.

அவர்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. படையலுக்கு வைக்கும் மீனைக் கடையில் வாங்கக் கூடாது. வீட்டு ஆள் தன் கையால் பிடித்ததாக இருக்க வேண்டும்.

"தட முடியட்டும். கடல்ல புட்ச்சாந்து தனியா போடலாம்."

"அம்மாவுக்குக் கடல் மீனா புடிக்கும்? ஏரி ஜிலேபிதான புடிக்கும்!"

உண்மைதான். அம்மா மாதவரத்தில், ஏரியோரம் வளர்ந்தவள். ஜிலேபி மீன் குழம்பு வைக்கும் நாளெல்லாம் அப்பா மூக்கைச் சுளிப்பார். "மண்ணு வாசன அட்க்குது" என்பார். அம்மா உடனே, "அப்ப நீ துன்னாத. எனுக்குக் குடு" என்று அவர் தட்டைத் தன் பக்கம் இழுப்பாள். ஒவ்வொரு முறையும் இதே பேச்சு. ஒவ்வொரு முறையும் இரண்டு பேரும் சிரிப்பார்கள்.

"ஏரிக்குப் போய் நானே புடிக்கிறேன்" என்றாள் மலர்.

அவளுக்குப் பத்து வயது. ஒன்று சொன்னால் சொன்னதுதான். அப்பாவுக்கு அது தெரியும்.

ஞாயிறு காலை இருவரும் பஸ் ஏறி மாதவரம் போனார்கள். அம்மாவின் தம்பி ரஞ்சித் மாமா ஏரிக்கரையில் காத்திருந்தார். கையில் ஒரு வாளி, ஒரு டப்பா நிறைய மண்புழு.

அப்பா பையிலிருந்து தன் தூண்டிலை எடுத்தார். கடலில் போடும் தடித்த நைலான் நரம்பு. அதன் நுனியில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஓர் ஈயக்குண்டு.

மாமா அதைக் கையில் வாங்கி எடை பார்த்தார். "இன்னா மாமா, முதலை புடிக்கப் போறியா?"

"கடலயே பாத்தவன்டா மச்சான் நானு. இது இன்னா, குட்ட." அப்பா நரம்பைத் தலைக்கு மேல் சுழற்றி வீசினார். ஈயக்குண்டு ஏரியின் நடுவில் போய் 'டபக்'கென்று விழுந்தது. "தூரத்துலதான் மீனு இருக்கும். தரைல குண்டு படுக்கணும். அப்பதான் மாட்டும்."

மலரும் அப்பா கொடுத்த இன்னொரு தூண்டிலை அதேபோல வீசினாள்.

மாட்டியது. ஒரு கிழிந்த கோணிப்பை. அடுத்து ஒரு குடைக்கம்பி.

"துணி கட்டுனா குடை ரெடி. சும்மா சொல்லக் கூடாது, நல்ல வேட்டதான்" என்றார் மாமா.

வெயில் ஏறியது. தண்ணீர் கண்ணாடி மாதிரி அசையாமல் கிடந்தது. ஒரு மீன்கூடத் துள்ளவில்லை. செருப்பைத் தாண்டிக் கால் சுட்டது.

நெடுநேரம் கழித்து அப்பா நரம்பைச் சுற்ற ஆரம்பித்தார். "கெளம்பலாம் மலரு. சாம்பாரு வெச்சே படைச்சிக்கலாம்."

"நான் வர்ல."

"இந்த வெயில்ல ஒண்ணும் மாட்டாதும்மா."

"மாட்டுற வரிக்கும் வர்ல."

அப்பா மாமாவைப் பார்த்தார். மாமா வானத்தைப் பார்த்தார். "எங்கக்கா பொண்ணு. என்னாண்ட கேக்காத" என்றார்.

மலர் தன் நரம்பை இழுத்துப் பார்த்தாள். ஈயக்குண்டில் கறுப்பாகச் சேறு அப்பியிருந்தது. மோந்து பார்த்தாள். குமட்டியது. புழுவும் சேற்றில் புதைந்து கறுத்திருந்தது.

'இதை யார் தின்பார்கள்?' என்று நினைத்தாள்.

கால் சூடு பொறுக்காமல் ஓடிப்போய்ச் சிறிது தூரத்தில் இருந்த ஒரு கருவேல மரத்தின் அடியில் நின்றாள். மரம் கரையிலிருந்து சாய்ந்து, பாதிக் கிளைகளைத் தண்ணீருக்குள் விட்டிருந்தது. அங்கே மட்டும் நிழல். அங்கே மட்டும் தண்ணீரில் சின்னச் சின்ன வளையங்கள் வந்து வந்து மறைந்தன.

மலர் தன் காலைப் பார்த்தாள். பிறகு வளையங்களைப் பார்த்தாள்.

"மாமா! மீனுக்கும் சுடுது!"

"இன்னாது?"

"அதான் நெழலுக்கு வந்துகீது. நடுவுல ஒண்ணுமே இல்ல. எல்லாம் இங்கதான்! தரையிலயும் இல்ல, அங்க ஒரே சேறு. கொஞ்சம் மேலயே நிக்கிது."

அவள் ஈயக்குண்டை அவிழ்த்துப் போட்டாள். புழு சேற்றைத் தொடாமல் தொங்க வேண்டும். அதற்கு மிதக்கிற பொருள் ஏதாவது வேண்டும். சுற்றும் முற்றும் பார்த்தாள். பார்வை மாமாவின் ரப்பர் செருப்பில் வந்து நின்றது.

"ஏய்! புதுசு அது!"

"ஓரமா கொஞ்சூண்டு மாமா."

அப்பா கத்தியை எடுத்து நீட்டினார். மாமாவின் செருப்பு ஒரு மூலையை இழந்தது. அந்தத் துண்டை மலர் நரம்பில் கட்டினாள். அதற்குக் கீழே ஒரு முழம் விட்டுத் தூண்டில் முள். மரக்கிளை ஓரமாக மெல்ல இறக்கினாள்.

செருப்புத் துண்டு மிதந்தது. கொஞ்ச நேரத்தில் லேசாக ஆடியது.

"இஸ்து வுடு! இஸ்து வுடு!" என்று அப்பா கத்தினார். கடலில் அப்படித்தான். தொட்டதும் வெடுக்கென்று இழுக்க வேண்டும்.

மலர் வெடுக்கென்று இழுத்தாள். ஒரு பெரிய ஜிலேபி பறந்து வந்து கரையோரச் சேற்றுத் தண்ணீரில் விழுந்தது. முள் அதன் வாயில் இல்லை. துடுப்பில் குத்தியிருந்தது.

"மாட்டிக்கிச்சு!" மாமா குதித்தார்.

ஆனால் மீன் வாயைத் திறந்து எதையோ துப்பியது. கொசு அளவுக்குக் குட்டிக் குட்டியாக, கண் மட்டும் பெரிதாக. அவை ஆழமில்லாத தண்ணீரில் இங்குமங்கும் ஓடின.

"குஞ்சுங்க!" என்றாள் மலர். "வாய்க்குள்ள வெச்சிருந்துகீது!"

மூன்று பேரும் குனிந்து பார்த்தார்கள்.

மலர் முள்ளை மெதுவாகக் கழற்றினாள்.

"நல்ல பெரிய மீனு" என்றார் அப்பா, தயங்கி.

"இதுக்குத் தடைக்காலம்ப்பா" என்றாள் மலர்.

அப்பா வாளியை எடுத்துத் தள்ளி வைத்தார்.

மலர் மீனைக் குஞ்சுகள் இருந்த நிழல் தண்ணீரில் விட்டுவிட்டு அசையாமல் உட்கார்ந்தாள். மீன் அங்கேயே நின்றது. குஞ்சுகள் ஒவ்வொன்றாக அதன் முகத்தருகே கூடின. மீன் வாயைத் திறந்தது. குஞ்சுகள் உள்ளே போய்விட்டன. வால் ஒருமுறை ஆடியது. மீன் ஆழத்துக்குள் மறைந்தது.

மாமா மெல்ல, "மணி ஆவுது. இப்ப இன்னா பண்றது?" என்றார்.

"வேற புடிக்கணும்."

கிளம்பலாம் என்று சொன்ன அப்பா இப்போது அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். டப்பாவிலிருந்து ஒரு புழுவை எடுத்தார். "இந்தா" என்றார்.

செருப்புத் துண்டு மறுபடி மிதந்தது. நிழல் நகர்ந்தது. அவர்களும் நிழலோடு நகர்ந்தார்கள். மலருக்குக் கழுத்து வலித்தது. கண் எரிந்தது. அவள் மிதவையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

அது ஆடியது.

அப்பா, "இஸ்து..." என்று ஆரம்பித்துத் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டார்.

மலர் இழுக்கவில்லை. மறுபடி ஆடியது. அப்போதும் இழுக்கவில்லை. துண்டு சரேலென்று தண்ணீருக்குள் போனது. இப்போது அவள் நரம்பை நிதானமாக, தளராமல் இழுத்தாள்.

முள் வாயில் மாட்டியிருந்தது. கை அகலத்துக்கு ஒரு ஜிலேபி. மலர் முதல் வேலையாக அதன் வாய்க்குள் எட்டிப் பார்த்தாள். காலியாக இருந்தது.

"இது வர்லாம்" என்றாள்.

மாலையில் அம்மாவின் படத்துக்கு முன்னால் இலை போட்டார்கள். சாம்பார், வடை, பாயாசம். நடுவில் ஒரு கிண்ணத்தில் ஜிலேபி மீன் குழம்பு. அப்பாவே வைத்தது. மலர் கற்பூரம் ஏற்றினாள். ரஞ்சித் மாமா மூலை போன செருப்பை வாசலில் விட்டுவிட்டு வந்து கும்பிட்டார்.

பிறகு மூவரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். அப்பா ஒரு துண்டு மீனைப் பிட்டு வாயில் போட்டார். மென்றார். அம்மாவின் படத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"மண்ணு வாசன அட்க்குது" என்றார்.

மலர் சட்டென்று கையை நீட்டினாள். "அப்ப நீ துன்னாத. எனுக்குக் குடு."

அப்பா சிரித்தார். தட்டை இரண்டு கையாலும் இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"தர மாட்டேன் போ" என்றார்.