ஆறே முக்கால் விடியல்

திங்கள் மாலை ஐந்து மணிக்கு எனிட் லிங்கன்ஷயர் விமானத் தளத்தின் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் ஏறினாள். தேநீருக்குத் தண்ணீர் வைத்தாள். பிறகுதான் கரும்பலகையைப் பார்த்தாள். நேற்றிரவு கடலில் கண்ணிவெடி போடப் போன 'கே' விமானம் திரும்பவில்லை. ஏழு பேர். அதன் வரியைக் காலையிலேயே அழித்துவிட்டார்கள்.

எனிடின் வேலை இருட்டை அளப்பது. டிசம்பர் இரவு நீளம். விமானங்கள் வெகுதூரம் போய்வரலாம். கோடை இரவோ கைக்குட்டை அளவுதான். எதிரியின் கரைப்பக்கம் வெளிச்சத்தில் அகப்பட்டால் வேட்டை விமானங்கள் விடாது. ஆகவே அவள் எழுதித்தரும் விடியல் நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணித்தான் பயணத்தை வகுப்பார்கள். சூரிய உதய அட்டவணையில் இருப்பது கிரீன்விச் நேரம். போர்க்காலக் கோடையில் ஊர்க் கடிகாரம் அதைவிட இரண்டு மணி முன்னே ஓடும். அட்டவணையின் நாலே முக்காலோடு இரண்டைக் கூட்டி, நேற்று எழுதிய அதே ஆறே முக்காலை இன்றும் எழுதினாள்.

"ஊறின பிஸ்கட் மாதிரி மூஞ்சிய வெச்சுக்காதடி," என்றபடி எட்டிப் பார்த்தாள் தொலைபேசிப் பிரிவின் பெரில். "இன்னிக்கு மூணு விமானம். என் லென்னியும் போறான். கல்யாண கேக்குக்கு ரேஷன் சர்க்கரை சேர்த்தாச்சு, பத்திரமா அனுப்பி வை."

பெரில் போனாள்.

ஒலிபெருக்கி கரகரத்தது. எனிட் அதற்கு இன்னும் சுவிட்ச் போடவில்லை.

"எனிட் கண்ணு... மணி என்ன?"

'கே' விமானி டாப்சன் ஒருவன்தான் அவளைக் கண்ணு என்பான்.

உப்பு நாற்றம். அழித்த வரியிலிருந்து தண்ணீர் வழிந்தது.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஐந்தரை. ஞாயிறு அதிகாலை அவளே ஸ்டூல் போட்டு ஏறி, இரண்டு மணிக் கணக்கு முடிந்ததென்ற அரசு உத்தரவுப்படி ஒரு மணி பின்னுக்குத் திருப்பிய கடிகாரம்.

இனி கூட்ட வேண்டியது இரண்டல்ல, ஒன்று.

விடியல் ஐந்தே முக்காலுக்கு.

தாளோடு படியிறங்கி ஓடினாள். பயணத்தை வகுக்கும் அதிகாரி கார்சைடின் மேசையில் அதை வைத்தாள்.

"சார்... கணக்கு தப்பு. நேத்தும் தப்பு."

அவர் தாளைக் கையில் எடுத்தார். "நேத்துமா?"

"ஆமா சார். ஒரு மணி நேரம்."

"இன்னிக்குப் போற தூரத்தக் குறைக்கிறேன்," என்றார். "மத்தத நாளைக்குப் பேசலாம். போ."

மறுநாள் அதிகாலை நாலு மணிக்குள், நல்ல இருட்டிலேயே, மூன்றும் இறங்கிவிட்டன. பெரில் அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். எனிட் அழவில்லை. ஐந்தே முக்காலுக்குச் சூரியன் வந்தது. அவள் எழுந்து போகவில்லை; கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆறே முக்கால். ஓடுபாதை முழுக்க வெயில்.

அணைத்துவிட்ட ஒலிபெருக்கி கரகரத்தது.

"ஓடுபாதை விளக்கப் போடு கண்ணு. நீ சொன்ன நேரத்துக்கு வந்துட்டோம். இங்க இன்னும் விடியல."