இடப்பக்கத்துக் கட்டி

"வைகாசியில எங்களுக்குக் கல்யாணங்க. இவரு நிறுத்தச் சொல்றாரு. என்னன்னு நீங்கதான் கண்டுபிடிச்சுச் சொல்லணும், டாக்டர்," என்றாள் இலக்கியா.

பெரம்பலூரில் புற்றுநோய் மருத்துவர் பூங்குழலியிடம் வருகிறவர்கள் அழுதுகொண்டுதான் வருவார்கள். இந்தப் பெண் சண்டைக்கு வந்தவள் போல நின்றாள். மீன்சுருட்டியிலிருந்து அவள் இழுத்து வந்திருந்த ராஜராஜன் தலை குனிந்து உட்கார்ந்திருந்தான். மற்றவர்களின் செருப்பெல்லாம் வாசலில் கிடக்க, அந்தச் சித்திரை வெயிலிலும் அவன் மட்டும் ஷூவைக் கழற்றவில்லை. மணிக்கட்டில் மஞ்சள் காப்புக் கயிறு.

இரண்டு மாதங்களுக்கு முன் அவனுடைய வலப்பக்க விரையைப் புற்றுநோய்க்காக அகற்றியவர் பூங்குழலிதான். இப்போது இடப்பக்கத் தொடை இடுக்கில் ஒரு கட்டி.

"பரவிடுச்சுங்க. ஒரு பொண்ணு வாழ்க்கைய நான் ஏன் கெடுக்கணும்?" என்றான்.

உதவி மருத்துவர் பிரேம் கெட்டிக்காரன்தான், ஆனால் அவசரக்குடுக்கை. "ஸ்டேஜ் மூணா இருக்கும் மேடம்," என்று காதோடு சொன்னான். பூங்குழலி கட்டியை மெல்ல அழுத்தினார். ராஜராஜன் வலியில் துள்ளினான். அவர் அவனை ஸ்கேனுக்கும் ரத்தப் பரிசோதனைக்கும் அனுப்பினார்.

முடிவுகள் வந்ததும் எல்லாரையும் அறைக்குள் கூப்பிட்டார்.

"பிரேம், திருடன் எந்த வழியா ஓடுவான்னு தெரியாம தேடக்கூடாது. கருவுல விரை சிறுநீரகத்துக்கிட்ட உருவாகித்தான் கீழ இறங்குது. அதனால அதோட நிணநீர் போற பாதையும் மேல, அடிவயித்துக்குப் பின்பக்கம், முதுகெலும்பை ஒட்டி. அங்க முடிச்சு வீங்கியிருந்தா ரெண்டாம் ஸ்டேஜ். நுரையீரல் மாதிரி தூரத்துக்குப் போனா மூணு. ஆபரேஷனுக்கு அப்புறமும் ரத்தத்துல புற்றுநோய்க் குறியீடுங்க இறங்கலன்னா, எங்கயோ ஒளிஞ்சிருக்கான்னு அர்த்தம்."

"இவருக்கு?" என்றாள் இலக்கியா.

"வயிறு சுத்தம். நுரையீரல் சுத்தம். குறியீடுங்க எல்லாமே நார்மல்."

"அப்ப அந்தக் கட்டி மேடம்?" என்றான் பிரேம்.

"தொடை இடுக்குக்கு வர்ற பாதை கால்லேருந்து வருது. ஆபரேஷன் வலப்பக்கம், கட்டி இடப்பக்கம். தொட்டா வலிக்குது. தம்பி, காப்புக் கட்டித் தீ மிதிச்சீங்களா? ஷூவக் கழட்டுங்க."

அவன் தயங்கித் தயங்கிக் கழற்றினான். இடது உள்ளங்காலில் கொப்புளம் உடைந்து சீழ் கட்டியிருந்தது.

"நோய் போகணும்னு நேந்துகிட்டு மிதிச்சேங்க. கால் சுட்டுச்சுன்னா வெரதத்துல கொறை வச்சுட்டான்னு ஊரே பேசும். அதான் மறைச்சுட்டேன்."

"கால் புண்ணுக்குத் தொடை இடுக்குல வீங்கியிருக்கு, இதுக்குப் பேரு நெறி கட்டுறது. உங்க ஊர்ல எல்லாருக்கும் தெரியும்," என்று சிரித்தார் பூங்குழலி.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். பிரேம் தலையைச் சொறிந்துகொண்டான்.

"ஸ்டேஜ் ஒண்ணு. நோய் விரையத் தாண்டவே இல்ல. புண்ணுக்கு மருந்து தரேன், கட்டி கரையும். கரையுதான்னு நானே பாப்பேன். வருஷக்கணக்கா செக்கப்புக்கு மட்டும் தவறாம வரணும்."

ராஜராஜன் முகத்தை மூடிக்கொண்டு விம்மினான். இலக்கியா அவன் தோளில் ஓங்கி ஒரு குத்து விட்டாள்.

"நெருப்புல எறங்கத் தைரியம் இருக்கு, என்கிட்ட சொல்ல இல்லையா?"

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போன் போட்டாள்.

"அப்பா, கல்யாணம் நடக்குது. மாப்பிள்ள கொஞ்சம் நொண்டுவாரு, அவ்வளவுதான்."