வெளிக்கோள் யோகம்

செவ்வாய்க் குடியிருப்பான செம்புலத்தில் காலையில் பல் துலக்கியதும் எல்லோரும் செய்கிற அடுத்த காரியம், துணியைக் களைந்துவிட்டு மேனிக்கண்ணாடி முன் நிற்பது. செவ்வாயின் காற்று மெல்லிசு. புற ஊதாக் கதிரைத் தடுக்க அதற்குத் தெம்பு கிடையாது. குடியிருப்பின் கூரை தன்னால் ஆனதைத் தடுத்தது. மீதியைத் தோல் வாங்கிக்கொண்டது. அதனால் மேனிக்கண்ணாடி ஒவ்வொருவர் உடம்பிலும் இருக்கும் மச்சங்களைத் தினமும் படம்பிடித்து, நேற்றைய படத்தோடு ஒப்பிடும். எந்த மச்சமாவது ஓரம் பிசிறினாலோ நிறம் மாறினாலோ அதுவே மருத்துவமனையில் நேரம் வாங்கிவிடும். இல்லையென்றால், "மச்சங்கள் நலம், சென்று வருக" என்று வழியனுப்பும். குழந்தைகள் அதற்கு நாக்கைத் துருத்திக் காட்டிவிட்டுப் பள்ளிக்கு ஓடுவார்கள்.

அருமையான கருவிதான், ஒரு குறையைத் தவிர. அதை வடிவமைத்தபோது அத்தனை நிபுணர்கள் இருந்தும், மனிதன் நிற்பது உள்ளங்காலின் மேல் என்பது ஒருவருக்கும் நினைவு வரவில்லை.

செம்புலத்துப் புற்றுநோய் ஆய்வகத்தில் டாக்டர் தமயந்தி ஆராய்ந்துவந்தது அந்த உள்ளங்காலைத்தான். தோலுக்கு நிறம் தரும் செல்களில் பிறக்கும் புற்றுக்கு மெலனோமா என்று பெயர். வெயிலால் வரும் மெலனோமாவுக்கு எப்போதோ மருந்து வந்துவிட்டது. வெயிலே படாத உள்ளங்காலில் வருவது வேறு சாதி. அந்தச் செல்களில் 'வளர், வளர்' என்று கட்டளையிடும் சுவிட்ச் ஒன்று, போட்டது போட்டபடி மாட்டிக்கொள்ளும். தமயந்தியின் மருந்துக்குக் குறிதேடி என்று பெயர். ரத்தத்தோடு போய், மாட்டிக்கொண்ட அந்தச் சுவிட்சை மட்டும் தேடி அணைக்கும். நல்ல செல்லைச் சீண்டாது. எலிகள் பிழைத்துவிட்டன. மனிதருக்குக் கொடுத்துப் பார்க்க அனுமதியும் வந்துவிட்டது. நோயாளிதான் கிடைக்கவில்லை. கண்ணாடிக்குத் தெரியாத நோயை யார் கண்டுபிடிப்பது?

காற்றுத்துறை மேற்பார்வையாளர் பூவராகன் ஒருநாள் ஆய்வகத்தின் காற்றுக்குழாயைச் சோதிக்க வந்தார். யாரையும் நம்பாத மனிதர். தானே ஏணியில் ஏறினார். ஆய்வகத்துக்குள் செருப்பு, காலுறை எதுவும் கூடாது என்பது விதி. கீழே நின்றிருந்த தமயந்தி அண்ணாந்து பார்த்தார். வலது உள்ளங்காலில், மை கொட்டியதுபோல ஒழுங்கில்லாத ஓரங்களோடு, பெரிய பொத்தான் அளவுக்கு ஒரு கறுப்பு.

"சார், கால்ல அது என்ன?"

பூவராகன் முகமெல்லாம் மலர்ந்து ஏணியிலேயே திரும்பினார். "பாத்துட்டீங்களா டாக்டரம்மா? மச்சம்! வலது உள்ளங்கால்! வெளிக்கோள் யோகம்!"

பழைய பூமியில் இதற்கு வெளிநாட்டு யோகம் என்று பெயர். செவ்வாயில் போவதற்கு வெளிநாடு ஏது? ஆகவே சாஸ்திரம் கொஞ்சம் வளைந்து கொடுத்து வெளிக்கோள் ஆகிவிட்டது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பூமிக்கு ஒரு கப்பல். சில இருக்கைகள்தான், குலுக்கல் முறையில் கிடைக்கும். கொள்ளுத்தாத்தாக்கள் பூமியில் வரிசையில் நின்று, சிபாரிசு பிடித்து இங்கே வந்தார்கள். கொள்ளுப்பேரன்கள் இங்கே வரிசையில் நிற்கிறார்கள், அங்கே போக.

"ரெண்டு வருஷமா பெருசாயிட்டே வருது," என்றார் பூவராகன் பூரிப்போடு. "யோகம் நெருங்குதுன்னு அர்த்தம்."

அது மச்சமில்லை என்று தமயந்திக்குச் சந்தேகம் தட்டியது. அதே சமயம் மனசின் ஒரு மூலையில், நோயாளி கிடைத்துவிட்டார் என்று ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்தது. அதற்காக அவர் வெட்கப்பட்டார்.

கடுகளவு சதையை எடுத்துச் சோதித்ததில் சந்தேகம் உறுதியானது. புற்று இன்னும் காலைத் தாண்டவில்லை. விட்டால் தாண்டிவிடும், தாண்டினால் ஆளைப் பிழைக்கவைக்க முடியாது. பூவராகனையும் அவர் மனைவி செண்பகவடிவையும் உட்காரவைத்துத் தமயந்தி எல்லாவற்றையும் விளக்கினார். பூவராகன் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஊசி போட்டா மச்சம் போயிடுமா?"

"போயிடும்."

"அப்ப வேண்டாம்."

ஆய்வகத் தலைவர் ஆராவமுதன் இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார். பகுத்தறிவைப் பற்றிப் பள்ளிகளில் போய்ப் பேசுகிறவர் அவர். "என்னம்மா செய்யறது? செவ்வாய்லயே குடியிருந்துக்கிட்டு செவ்வாய் தோஷம் பாக்கிற ஜனங்க!"

தமயந்திக்குச் சிரிப்பு வரவில்லை. மறுநாள் பூவராகன் வீட்டுக்கே போனார்.

"யோகம் வருதுன்னே வச்சுக்குவோம் சார். குலுக்கல்ல உங்க பேரு விழுது. கப்பல்ல ஏத்தறதுக்கு முன்னால உடம்பைச் சோதிப்பாங்களே? புற்று இருக்கிறவரை ஏத்த மாட்டாங்க. வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வருவீங்களா?"

பூவராகன் யோசித்தார். ஆனாலும் அசையவில்லை. பக்கத்தில் நின்றிருந்த செண்பகவடிவு வெடித்தார்.

"நீங்க போய்ச் சேந்த பெறகு யோகம் வந்தா நான் என்ன பண்ண? காலை மட்டும் பார்சல் கட்டிப் பூமிக்கு அனுப்பவா?" சொல்லும்போதே அவருக்கு அழுகை வந்துவிட்டது.

பூவராகன் மனைவியின் முகத்தைப் பார்த்தார். "சரி, போடுங்க," என்றார் மெதுவாக.

பல வாரங்கள் ஊசி தொடர்ந்தது. மருந்து ஏறிக்கொண்டிருக்கும்போதெல்லாம் அவர் மச்ச சாஸ்திரத்தை அட்சரம் விடாமல் சொன்னார். நாசியில் இருந்தால் என்ன, தோளில் இருந்தால் என்ன என்று எல்லாவற்றையும் தமயந்தி கேட்டுக்கொண்டார். எழுந்து போய்விட்டால் இவரும் எழுந்துவிடுவாரோ என்ற பயம். கறுப்பு மெல்ல வெளிறி, கடைசியில் வெள்ளைத் தழும்பு மட்டும் மிஞ்சியது. உடம்பில் புற்று இல்லை. சோதனை முடிவைப் பார்த்துத் தமயந்தி தனியாக உட்கார்ந்து அழுதார். பூவராகனும் அழுதார், மச்சத்துக்காக. குலுக்கலிலும் அவர் பெயர் வரவில்லை. "நான்தான் சொன்னேனே," என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் புலம்பினார்.

அப்போதுதான் பூமியிலிருந்து செய்தி வந்தது. உள்ளங்கால் மெலனோமாவிலிருந்து குறிதேடியால் பிழைத்த முதல் மனிதரை உலகப் புற்று மாநாட்டில் நேரில் பரிசோதிக்க வேண்டும். கப்பலில் அவருக்கு ஓர் இருக்கை, துணைக்கு வரும் மனைவிக்கு ஓர் இருக்கை. கண்டுபிடித்தவருக்கு? டாக்டர் தமயந்தி கட்டுரையை ஒளியலையில் அனுப்பினால் போதும் என்று பணிவோடு கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"பாத்தீங்களா டாக்டரம்மா!" பூவராகன் விடைபெற வந்தபோது குதிக்காத குறை. "போற மச்சம் சும்மா போகல. காரியத்தை முடிச்சுக் குடுத்துட்டுத்தான் போயிருக்கு!"

தமயந்தி மறுத்துப் பேச வாயைத் திறந்தார். அந்த மச்சம் வராமல் இருந்திருந்தால் இந்த மனிதர் பூமிக்குப் போயிருப்பாரா என்று தனக்குள் கேட்டுப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

கப்பல் கிளம்பிய மறுநாள் ஆய்வக வாசலில் திருவிழாக் கூட்டம். எல்லோர் கையிலும் செருப்பு.

"எடுக்கத் தெரிஞ்ச உங்களுக்கு வைக்கத் தெரியாதா டாக்டர்?"

"அது மச்சமில்லம்மா, புற்றுநோய்! ஆளைக் கொன்னுடும்!"

"சின்னதா வையுங்க போதும். கப்பல் ஏறினதும் எடுத்துக்கலாம். அதுக்குத்தான் மருந்து இருக்கே!"

தொண்டை வறளும்வரை கத்தி, கெஞ்சி, காவல் எந்திரத்தைக் கூப்பிட்டு ஒருவழியாக அத்தனை பேரையும் தமயந்தி அனுப்பிவைத்தார். நாற்காலியில் சாய்ந்தபோது ஆராவமுதன் உள்ளே வந்தார். கதவைச் சாத்தினார்.

"ஜனங்க திருந்தவே மாட்டாங்க, இல்லம்மா?"

"ஆமா சார்."

"மச்சத்தாலதான் கப்பல் கிடைச்சுதுன்னு நான் சொல்லல. சொல்லவும் மாட்டேன்." அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "ஆனா ஒரே ஒரு ஆளை வச்சு அப்படி இல்லவே இல்லைன்னு முடிவு கட்டறதும் அறிவியல் ஆகாது, பாருங்க. நியாயமா இன்னொரு ஆள்கிட்டயும் சோதிச்சுப் பாத்துடணும்."

சொல்லிக்கொண்டே, உள்ளங்கால் தெரியும்படி வெறுங்காலை முக்காலிமேல் தூக்கி வைத்தார்.

தமயந்தி அந்தக் காலையே வெகுநேரம் பார்த்தார்.

"அது இடது கால் சார்," என்றார். "ஆம்பளைங்களுக்கு வலதுலதான் பலன்."