நாலரை மணிக்குத் தானாக மாறும் டிவி

அந்த வாரம் ஹேசோல் வீட்டில் எல்லாருக்கும் எல்லார் மேலும் சந்தேகம். இத்தனைக்கும் அந்த வீட்டில் இருப்பது மூன்றே பேர்தான்.

எல்லாவற்றுக்கும் காரணம் டிவிக்குக் கீழே உட்கார்ந்திருந்த ஒரு கறுப்புப் பெட்டி. பார்த்தால் சாதுவான பெட்டி. சாப்பாட்டு டப்பா அளவுதான் இருக்கும். இணையத்தில் வரும் டிவி நிகழ்ச்சிகளையெல்லாம் இழுத்துக்கொண்டு வந்து காட்டுவது அதன் வேலை.

குன்சான் என்ற துறைமுக நகரத்தில், ஏழாம் மாடியில், 703-ஆம் எண் வீட்டுக்கு அவர்கள் சனிக்கிழமை குடிவந்தார்கள். அன்றைக்கே பெட்டியும் வந்தது. திங்கட்கிழமையிலிருந்து அது தன் வேலையைக் காட்ட ஆரம்பித்தது.

மாலை நாலரை மணி. ஹேசோல் பள்ளிவிட்டு வந்து, துப்பறியும் நீர்நாய் கதையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நீர்நாய் திருடனின் வாலைப் பிடிக்கப் போகிறது. அப்போது திரை சட்டென்று கறுத்தது. மறுபடி வெளிச்சம் வந்தபோது நீர்நாயைக் காணோம். இரண்டு பேர் கட்டம் போட்ட பலகைக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கறுப்புக் காயும் வெள்ளைக் காயும் வைத்து ஆடும் பாதுக் ஆட்டம்.

ஒருவர் ரொம்ப நேரம் யோசித்தார். மூக்கைச் சொறிந்தார். பிறகு ஒரு காயை வைத்தார்.

ஹேசோல் ரிமோட்டைத் தொடவே இல்லை. ஆனால் சத்தம் தானாகக் கூடியது. இருபது, முப்பது, நாற்பது! அடுத்த காயை வைத்தபோது 'டக்!' என்று வீடே அதிர்ந்தது.

அவள் ஓடிப்போய் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் குறைத்தாள். மறுபடி கூடியது. குறைத்தாள். கூடியது. பக்கத்து வீட்டுச் சுவரிலிருந்து 'டொம்! டொம்!' என்று இடி விழுந்தது. கொஞ்ச நேரத்தில் வாசல் பக்கத்தில் இருந்த பேசும் கருவியில் காவலாளியின் குரல் வந்தது.

"703-ங்களா? சத்தம் தாங்கலன்னு 704-லேருந்து சொல்றாங்க. கொஞ்சம் பாத்துக்குங்க."

செவ்வாயும் அப்படியே. புதனும் அப்படியே. புதன்கிழமை லிஃப்டில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. 'பக்கத்து வீட்டில் இருக்கிறவர்களும் மனிதர்கள்தான் - 704.'

அம்மா அதைக் கிழிக்காமல் எடுத்து, சாப்பாட்டு மேசையில் வைத்தார்.

"குடிவந்து அஞ்சு நாள் ஆகல. அதுக்குள்ள மூணு புகார். ஹேசோல், நீ என்ன பண்ற சாயங்காலத்துல?"

"நான் ஒண்ணும் பண்ணலம்மா. சத்தம் தானா கூடுது."

"தானா கூடுமா? அப்ப தானா குறையவும் வேண்டியதுதானே?"

"நெஜமாம்மா! தானா பாதுக் சேனலுக்குப் போகுது. நான் எதுக்கும்மா பாதுக் பாக்கப் போறேன்?"

இது நியாயமான கேள்விதான். அம்மாவின் பார்வை மெதுவாக அப்பா பக்கம் திரும்பியது. அந்த வீட்டில் பாதுக் பைத்தியம் அவர் ஒருவர்தான். அப்பா சூப்புக் கிண்ணத்தை அப்படியே கீழே வைத்தார்.

"என்னை ஏன் பாக்குற? நாலரைக்கு நான் துறைமுகத்துல இருக்கேன்."

"இந்த நேரத்துக்கு இந்த நிகழ்ச்சின்னு முன்னாடியே குறிச்சு வைக்கலாமாமே. பெட்டி மாட்ட வந்தவர் சொன்னாரே."

"துணி துவைக்கிற மெஷினையே உன்னைக் கேட்டுத்தான் போடறேன். நான் போய் இதெல்லாம் குறிச்சு வைக்கிறேனாக்கும்!" அப்பா ஹேசோலைப் பார்த்தார். "ஏம்மா, நீதான் எதையாவது அழுத்திட்டியா?"

"நீங்கதான் அழுத்தியிருப்பீங்க!" என்றாள் ஹேசோல்.

அம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். இரண்டு பேரையுமே நம்பவில்லை என்று முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது.

"போதும். சனிக்கிழமை பெட்டியைத் திருப்பிக் கொடுத்துடலாம். ஹேசோல், திங்கக்கிழமையிலேருந்து உனக்குச் சாயங்காலம் கணக்கு வகுப்பு. ஏழு மணி வரைக்கும். உன்னைத் தனியா வீட்ல விட முடியாது போலிருக்கு."

பெட்டி போனால் போகட்டும். கணக்கு வகுப்பைக்கூட எப்படியாவது சமாளித்துவிடலாம். ஆனால் அம்மா தன் பேச்சை நம்பவில்லையே! அதுதான் ஹேசோலுக்குப் பொறுக்கவில்லை. அன்று அவள் சூப்பைப் பாதியிலேயே வைத்துவிட்டாள்.

வியாழக்கிழமை அவள் ஒரு முடிவோடு வந்தாள். ரிமோட்டை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டு, முட்டைக்கோஸ் ஊறுகாயான கிம்ச்சியை வைக்கும் குளிர்பெட்டிக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினாள். பிறகு டிவிக்கு எதிரே, கையில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்தாள்.

நாலரை மணி. திரை கறுத்தது. பாதுக் வந்தது.

ஹேசோல் குளிர்பெட்டிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். ரிமோட் முட்டைக்கோஸுக்கு நடுவில் கிடக்கிறது. அப்பா துறைமுகத்தில் இருக்கிறார். பின்னே யார்?

அப்போது திரையின் அடியில், இதுவரை வராத ஒரு நீலப் பட்டை எழுந்தது. அதில் எழுத்துகள் ஒவ்வொன்றாக ஓடி வந்தன.

'சத்தம் கூட்டு.'

சத்தம் கூடியது.

'கூட்டுன்னு சொன்னேன்ல.'

இன்னும் கூடியது. ஹேசோல் சோபாவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள். கண் மட்டும் மேலே தெரிந்தது.

'என்ன சனியன் பிடிச்ச ரிமோட் இது. பட்டன் வேலை செய்யலன்னா பேசினா கேக்கும்னு சொன்னான். ஒண்ணையும் கேக்க மாட்டேங்குது.'

பெட்டி புலம்புகிறதா? பெட்டிக்கு எதற்கு ரிமோட்? சுவரில் 'டொம்! டொம்!' என்று இடித்தது. உடனே அடுத்த வரி வந்தது.

'பாரு, பக்கத்து வீட்ல ஆரம்பிச்சாச்சு. தினம் இதே ரோதனை.'

ஹேசோல் அந்த வரியை இரண்டு தடவை படித்தாள். பக்கத்து வீடா? யாருக்குப் பக்கத்து வீடு?

சோபாவுக்குப் பின்னாலிருந்து அவள் மெதுவாக எழுந்தாள். பயம் போய்விட்டது. அதற்குப் பதிலாகச் சனிக்கிழமை நடந்தது ஞாபகத்துக்கு வந்தது.

அன்று பெட்டி மாட்ட வந்தவருக்கு ஒரே அவசரம். 703-க்கும் 704-க்கும் ஒரே நேரத்தில் வேலை. இங்கே ஒரு கால், அங்கே ஒரு கால். இணையக் கம்பியைச் சுவரிலிருந்து பெட்டிக்குச் செருகினார். பெட்டியிலிருந்து டிவிக்கு இன்னொரு கம்பி. ரகசிய எண் கேட்டது. அம்மா கையால் மறைத்துக்கொண்டு நான்கு எண்களை அழுத்தினார். அப்பாவுக்குக்கூடக் காட்டவில்லை.

கடைசியாகப் பெட்டி மாட்டியவர் ஹேசோலிடம் ரிமோட்டைக் கொடுத்தார். "பாப்பா, பெட்டியில நீல விளக்கு மினுக்குது பாரு. இந்த ரெண்டு பட்டனையும் சேத்து மூணு எண்ணுற வரைக்கும் அழுத்திப் பிடி. ரிமோட்டும் பெட்டியும் ஒண்ணா சேர்ந்துக்கும். நான் பக்கத்து வீட்டுக்குப் போறேன்."

சரியாக அவர் போனதும் கடையிலிருந்து கறுப்பு நூடுல்ஸ் வந்து சேர்ந்தது. குடிவந்த நாளில் கறுப்பு நூடுல்ஸ் சாப்பிடாத வீடு உண்டா? ஆறினால் ஊறிப்போகும். ஊறினால் கட்டியாகிவிடும். ஹேசோல் ரிமோட்டை ஓரமாக வைத்துவிட்டு நூடுல்ஸைக் கலக்க ஆரம்பித்தாள். விளக்கு பாட்டுக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. நாலாவது வாய் சாப்பிடும்போது திரையில் 'ரிமோட் இணைந்தது' என்று வந்தது.

'பரவாயில்லையே, தானாகவே சேர்ந்துவிட்டது!' என்று அவள் சந்தோஷப்பட்டாள்.

சேர்ந்தது அவளுடைய ரிமோட் இல்லை. அதே நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் ஒருவர் இரண்டு பட்டன்களை அழுத்தியிருக்கிறார்! திரையில் ஓடிய எழுத்தெல்லாம் அவர் தன் ரிமோட்டில் பேசியதுதான். அவளுடைய ரிமோட் நேராகக் காட்டி அழுத்தினால் சேனலை மாற்றும். ஆனால் அதில் எத்தனை தடவை பேசினாலும் பெட்டி காதில் வாங்கியதே இல்லை. அது ஏன் என்று இப்போது புரிந்தது.

அம்மா மேல் கோபப்பட்டது, அப்பாவைச் சந்தேகப்பட்டது எல்லாம் நினைவுக்கு வந்து ஹேசோலுக்கு வெட்கமாக இருந்தது. எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு கிண்ணம் நூடுல்ஸ்!

அன்று இரவுச் சாப்பாட்டின்போது அவள் சொன்னாள். "அம்மா, அப்பா, நாளைக்கு ஒரே ஒரு நாள் நாலரைக்கு வீட்ல இருங்க. அப்புறம் நீங்க என்ன சொன்னாலும் கேக்குறேன்."

"எதுக்கு?" என்றார் அம்மா. "அதிருக்கட்டும், ரிமோட்ல ஏன் கிம்ச்சி வாசனை வருது?"

"அதையும் நாளைக்கே சொல்றேம்மா."

வெள்ளிக்கிழமை மூன்று பேரும் டிவிக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். அம்மா சொன்னபடி எல்லாருடைய கைகளும் மேசை மேல் இருந்தன. மொத்தம் ஆறு கைகள். ரிமோட் நடுவில். ஒருவர் கையை இன்னொருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார்கள்.

"மூக்கு அரிக்குது," என்றார் அப்பா.

"பொறுத்துக்குங்க," என்றார் அம்மா.

நாலரை மணி. திரை கறுத்தது. பாதுக் வந்தது. அம்மா சட்டென்று ஆறு கைகளையும் எண்ணினார். எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தன.

நீலப் பட்டை எழுந்தது. 'இன்னிக்காவது கேளேன். என் ராஜா இல்ல? சத்தம் கூட்டு.'

"ஐயோ, யாரு இது?" அம்மா அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இப்ப பாருங்கம்மா." ஹேசோல் எழுந்துபோய்ச் சுவரில் இரண்டு தட்டு தட்டினாள். டொக். டொக்.

திரையில் எழுத்துகள் ஓடி வந்தன. 'அடேயப்பா! இப்ப அவங்களே தட்டுறாங்களா? என்ன நெஞ்சழுத்தம்!'

அம்மா சுவரைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். மறுபடி சுவரைப் பார்த்தார். பிறகு அவருக்கு வந்த சிரிப்பில் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

மூன்று பேரும் 704-ன் வாசலில் நின்றார்கள். கதவைத் திறந்தவர் பியோ என்பவர். இரவில் சியோலுக்குப் பேருந்து ஓட்டுகிறவர். தலைமுடி ஒரு பக்கமாகத் தூக்கிக்கொண்டு நின்றது. கையில் ரிமோட் இருந்தது.

"வந்துட்டீங்களா? நான் பகல்லதான் தூங்க முடியும். எழுந்து ஒரு ஆட்டம் பாதுக் பாத்துட்டு வேலைக்குப் போவேன். அதுக்குள்ள உங்க வீட்டு டிவி..."

ஹேசோல் இடுப்பு வரை குனிந்து வணங்கினாள். "மன்னிச்சிடுங்க மாமா. தப்பு என்னுதுதான். நூடுல்ஸ் ஊறிப்போகும்னு பட்டனை அழுத்தாம விட்டுட்டேன். அதனால உங்க ரிமோட் எங்க பெட்டியோட சேர்ந்துடுச்சு. நீங்க சத்தம் கூட்டினா எங்க டிவிலதான் கூடும்."

பியோ மாமா கையிலிருந்த ரிமோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப... அந்தச் சத்தத்தைக் கூட்டினது..."

"நீங்கதான் மாமா."

"சுவரை இடிச்சது?"

"அதுவும் நீங்கதான்."

அவர் முகம் சிவந்தது. "ஆறு நாளா மூணு தடவை பேட்டரி மாத்திட்டேன்!" என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

உள்ளே அவருடைய டிவியில், முணுமுணுப்பது போன்ற சத்தத்தில், ஒரு பெண் கானாங்கெளுத்தி மீன் விற்றுக்கொண்டிருந்தார். பக்கத்தில் பெட்டி பெட்டியாக அடுக்கியிருந்தது. கால் பிடித்துவிடும் இயந்திரம் ஒன்று. சட்டிகள் ஒரு செட். மீன் மூன்று பெட்டி.

"இந்த ஒரு சேனல்லயே மாட்டிக்கிட்டு நிக்குது," என்றார் மாமா பரிதாபமாக. "பாத்துக்கிட்டே இருந்தா வாங்கணும்னு தோணிடுது."

ஹேசோல் முதலில் ஓடிப்போய்த் தன் வீட்டுப் பெட்டியின் மின்கம்பியைப் பிடுங்கினாள். இனிமேல் அது நடுவில் புகுந்து கெடுக்காது. பிறகு 704-ன் பெட்டிக்குப் பின்னால் இருந்த சின்னப் பட்டனை அழுத்தினாள். நீல விளக்கு மினுக்கியது.

"இப்ப ரெண்டு பட்டனையும் சேத்து அழுத்துங்க மாமா. விட்டுடாதீங்க. ஒண்ணு... ரெண்டு... மூணு."

'ரிமோட் இணைந்தது.'

மாமா ரிமோட்டை வாயருகே கொண்டுபோனார். "பாதுக்," என்றார், பயந்துகொண்டே. மீன் மறைந்தது. பலகை வந்தது. அவர் சின்னப் பையனைப் போலக் கை தட்டினார்.

"கறுப்பு தோத்துடும்," என்றார் அப்பா பின்னாலிருந்து.

"எப்படித் தோக்கும்? அந்த மூலையைப் பாருங்க!" என்றார் மாமா.

வீட்டுக்கு வந்ததும் அம்மா ஹேசோலைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்தார். "நீ சொன்னப்பவே நான் நம்பியிருக்கணும். கணக்கு வகுப்பெல்லாம் வேண்டாம். பெட்டியும் இங்கேயே இருக்கட்டும்."

"நானும் அப்பாவை நம்பலம்மா," என்றாள் ஹேசோல்.

"அவரை இன்னும் கொஞ்ச நாள் சந்தேகப்படலாம்," என்றார் அம்மா.

ஹேசோல் மின்கம்பியை மறுபடி செருகி, தங்கள் ரிமோட்டையும் பெட்டியோடு சேர்த்தாள். இந்தத் தடவை மூன்று எண்ணும் வரை எங்கேயும் திரும்பிப் பார்க்கவில்லை. ரிமோட்டை வாயருகே வைத்து, "துப்பறியும் நீர்நாய்," என்றாள். திரையில் அவள் பேசியது அப்படியே எழுத்தாக வந்தது.

மறுநாள் லிஃப்டில் ஒரு புதுத் தாள் ஒட்டியிருந்தது. '703-க்கு: தப்பு என் மேல்தான். யாருக்காவது கானாங்கெளுத்தி மீன் வேண்டுமா? மூன்று பெட்டி இருக்கிறது - 704.'

அன்று சனிக்கிழமை. நாலரை மணிக்கு டிவி மாறவில்லை. அப்பாவைத்தான் காணோம்.

"எங்கடி உங்க அப்பா?" என்று அம்மா சமையலறையிலிருந்து கேட்டார்.

ஹேசோல் நீர்நாயிலிருந்து கண்ணை எடுக்காமல், கையை நீட்டிச் சுவரில் இரண்டு தட்டு தட்டினாள். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, பாதுக் காயால் தட்டுவது போல, இரண்டு தட்டு திரும்பி வந்தது.

"சரி சரி, மீன் வெந்துடுச்சு. ரெண்டு பேரையும் சாப்பிட வரச் சொல்லு," என்றார் அம்மா.